தொழிலாளிக்கு யார் பாடத்திட்டம் போடுவது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் நாளைக்குப் படியுங்கள்.

சென்ற மாதம் என்னுடைய பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது திருப்பூரில் பனியன் தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஊழியன். வெளிநாட்டில் நடந்த இரண்டு வாரத் தொழிற்சங்கப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தான். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் தடிமனான ஃபைல், சான்றிதழ், ஒரு பென்டிரைவ்.

"டீச்சர், நல்லாத்தான் கவனிச்சாங்க. ஆனா பாதி புரியலீங்க. இப்ப நம்ம சங்கத்துல ரெண்டு நாள் வகுப்பு வைக்கச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு பாடத்திட்டம் போட்டுக் குடுங்க."

ஃபைலைப் புரட்டினேன். அழகான அச்சு. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டங்கள், அம்புக்குறிகள். அடுத்த நாட்டுக்கும் அதற்கடுத்த நாட்டுக்கும் இதே ஃபைல்தான் போயிருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு உடனே நாங்கள் உட்கார்ந்த பணியிடைப் பயிற்சிகள் ஞாபகத்துக்கு வந்தன. மேலே ஒரு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் ஒன்றியத்துக்கு, ஒன்றியக் கருத்தாளர் எங்களுக்கு. எங்களிடம் வந்து சேரும்போது மிச்சமிருப்பது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும்தான்.

"ஒரு பத்து நாள் டைம் குடு கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். இந்தப் பத்து நாளில் வீட்டிலிருந்த பழைய புத்தகங்களையும் குறிப்புகளையும் எடுத்துத் தொழிலாளர் கல்வியின் வரலாற்றைத் திரும்பப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பிக்கிறது. 1899 பிப்ரவரியில் அங்கே ரஸ்கின் ஹால் என்று ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பிறகு அது ரஸ்கின் கல்லூரி ஆனது. தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்கள் இல்லை. வால்டர் வ்ரூமன், சார்லஸ் பியர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். பணம் பெரும்பாலும் வ்ரூமனின் மனைவி ஏம்னி கொடுத்தது. (மனைவி பணம் கொடுப்பதும் கணவர் பெயர் முன்னால் வருவதும் எல்லா ஊர் வழக்கம் போலிருக்கிறது.) பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சுரங்கத் தொழிலாளி, ரயில்வே தொழிலாளி, இயந்திரத் தொழிலாளி ஆகியோர் இங்கே தங்கிப் படிக்கலாம். சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களைச் செலவு கொடுத்து அனுப்பின.

பத்து வருடத்துக்குள் சண்டை வந்துவிட்டது. மாணவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. எங்கள் கூலி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தோம், நீங்கள் நடத்தும் பொருளாதாரம் முதலாளி சொல்வதையே திருப்பிச் சொல்கிறதே? அவர்கள் தாங்களாகவே மார்க்ஸைப் படிக்க வகுப்பு வைத்துக்கொண்டார்கள். அதே சமயம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு கல்லூரியை நெருக்கமாக்கும் முயற்சியும் நடந்தது. பல்கலைக்கழகம் கிட்டே வந்தால் கல்லூரி நம் கையை விட்டுப் போய்விடும் என்று மாணவர்கள் பயந்தார்கள். 1908இல் 'பிளெப்ஸ் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1909இல் மாணவர்கள் பக்கம் நின்ற முதல்வர் டென்னிஸ் ஹேர்டை நிர்வாகம் வெளியேற்றியபோது மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். வேலைநிறுத்தம் செய்து பழகிய ஆட்கள், கல்லூரியிலும் அதையே செய்தார்கள்!

அதோடு விடவில்லை. அதே வருடம் தங்களுக்கென்று மத்திய தொழிலாளர் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1911இல் அது லண்டனுக்குப் போனது. தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பும் ரயில்வே தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கிப் பிடித்தன. 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனூரின் பெவன் முதல் உலகப்போருக்குப் பிறகு இங்கேதான் படித்தார். 1948இல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று தேசிய சுகாதாரச் சேவையைக் கொண்டுவந்த அமைச்சர் இவர்தான். சங்கங்களிடம் பணம் வற்றியபோது, 1929இல் கல்லூரியை மூடிவிட்டார்கள்.

பாடத்திட்டத்துக்காக ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது என்பதே எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் சரியாக உறைத்தது. இத்தனை வருடம் மேலிருந்து வந்த பாடத்திட்டத்தை அப்படியே நடத்தி முடித்தவள் நான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த கதைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலம். மைல்ஸ் ஹார்ட்டன் என்ற இளைஞர், 1905இல் பிறந்தவர். 1927 கோடையில் ஓசோன் என்ற மலைக் கிராமத்தில் குழந்தைகளுக்கு பைபிள் வகுப்பு எடுக்கப் போனார். குழந்தைகளுக்கு மட்டும் போதுமா என்று நினைத்துப் பெற்றோரை ஒரு மாலை கூப்பிட்டார். அவர்கள் கிணற்றுத் தண்ணீர், வேலையின்மை, நோய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இவருக்கோ ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தவர், பதிலில் பாதி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருப்பதைக் கவனித்தார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பேச வைத்தால் வெளியே வந்துவிடுகிறது.

இதைப் பள்ளிக்கூடமாக ஆக்குவது எப்படி என்று தெரியாமல் நியூயார்க், சிகாகோ என்று அலைந்து படித்தார். கடைசியில் 1931இல் டென்மார்க்குக் கப்பல் ஏறினார். காரணம் அங்கிருந்த மக்கள் உயர்நிலைப் பள்ளிகள். க்ருன்ட்விக் என்ற பாதிரியார் சிந்தனையில் உருவானவை. முதல் பள்ளி 1844இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. விவசாயிகளின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, பாடி, பேசிக் கற்பது. எல்சினோர் நகரில் 1921இலேயே பல நாட்டுத் தொழிலாளிகளும் இளைஞர்களும் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் சர்வதேச மக்கள் கல்லூரியும் தொடங்கியிருந்தது.

ஹார்ட்டன் டேனிஷ் மொழி கற்றுக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சுற்றினார். பார்த்த எதையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. கோபன்ஹேகனில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் தூக்கம் வராமல் எழுந்து குறிப்பு எழுதினார்: ஊருக்குப் போய் ஒரு இடத்தைப் பிடித்து உட்கார வேண்டும், அங்கே இருக்கும் மக்களின் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மற்றது தானாக உருவாகும். வெளிநாட்டுப் பயிற்சியின் விளைவு அந்த ஒரு குறிப்புதான். ஃபைல் இல்லை, சான்றிதழ் இல்லை.

1932இல் மான்ட்ஈகிள் என்ற மலையூரில் ஹைலேண்டர் மக்கள் பள்ளி ஆரம்பமானது. லிலியன் ஜான்சன் என்ற கல்வியாளர் அம்மையார் தம் வீட்டையே கொடுத்தார். ஆரம்பித்த கையோடு, வைல்டர் என்ற சுரங்க ஊரில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பார்க்கப் போன ஹார்ட்டனைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இங்கே வந்து தகவல் திரட்டிக்கொண்டு போய், அதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்பது! ஆசிரியர் வேலையைக் குற்றமாக எழுதினால் இப்படித்தான் எழுத முடியும்.

அடுத்த பதினைந்து வருடம் ஹைலேண்டர் தெற்கு மாநிலங்களின் தொழிற்சங்கப் பயிற்சிக்கூடமாக இருந்தது. சிஐஓ என்ற பெரிய சங்கக் கூட்டமைப்பு தன் ஆட்களை அங்கே அனுப்பியது. நெசவாலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி எல்லோரும் சில வாரம் தங்குவார்கள். கூட்டம் நடத்துவது, தீர்மானம் எழுதுவது, ஒப்பந்தத்தைப் படிப்பது, துண்டறிக்கை அச்சடிப்பது, நாடகம் போடுவது, பாட்டுப் பாடுவது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஹார்ட்டனின் மனைவி ஸில்ஃபியா பொறுப்பு.

அந்தப் பாட்டுக் கதையை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சிகரெட் கம்பெனி ஒன்றின் சுருட்டு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னணியில் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். மறியலில் அவர்கள் ஒரு பழைய தேவாலயப் பாட்டை மாற்றிப் பாடினார்கள். பிறகு அவர்களில் சிலர் ஹைலேண்டர் பயிற்சிக்கு வந்தபோது அதை ஸில்ஃபியாவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு வகுப்பிலும் பாட வைத்தார். பீட் சீகர் அவரிடம் கற்றார். அதுதான் 'வீ ஷல் ஓவர்கம்'. அதன் இந்தி வடிவத்தை நம் பள்ளி இறைவணக்கக் கூட்டங்களில் எத்தனை முறை பாட வைத்திருப்போம்! சுருட்டுச் சுற்றிய பெண்கள் ஒரு பயிற்சி வகுப்புக்குக் கொண்டுவந்து கொடுத்த பாட்டு என்று ஒருமுறைகூட நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. தெரியாது, அதனால் சொல்லவில்லை.

இன்னொரு சம்பவம். ஒரு வேலைநிறுத்தக் குழுவுக்கு ஹார்ட்டன் ஆலோசகராக இருந்தார். நிலைமை மோசம். என்ன செய்யலாம் என்று குழு அவரையே கேட்டது. முடிவு உங்களுடையது, நான் எடுக்க மாட்டேன் என்றார். ஒருவர் பொறுமை இழந்து துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அப்போதும் அவர் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் சொன்னால் அவர்கள் முடிவெடுக்கக் கற்கும் இடம் அதோடு போய்விடும் என்று பிற்காலத்தில் விளக்கினார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆட்கள் பசியில் இருக்கும்போது தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் ஒருவகை வீம்புதான் என்று தோன்றுகிறது. ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளின் வாயை அடைத்தவர்கள் ஆசிரியர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஹைலேண்டரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்த மாநிலத்தில் அது சட்டத்துக்கு எதிரானது. 1940களின் முடிவில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலை அடித்தபோது, பள்ளியின் மேல் நெருக்கடி கொடுத்துப் பார்த்த சிஐஓ கடைசியில் உறவை முறித்துக்கொண்டது. பணம் கொடுப்பவர் பாடத்திட்டத்தில் கை வைப்பது ரஸ்கினோடு முடியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அதன் பிறகு வந்தவர்தான் என் மனதில் உட்கார்ந்திருப்பவர், செப்டிமா கிளார்க். 1898இல் பிறந்த கறுப்பினப் பெண். ஆசிரியை. சார்ல்ஸ்டன் நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினத்தவர் ஆசிரியராக முடியாது என்பதால் 1916இல் ஜான்ஸ் தீவு என்ற பின்தங்கிய இடத்துக்கு வேலைக்குப் போனார். இரண்டு ஆசிரியைகளுக்கு 132 பிள்ளைகள். எதிரே வெள்ளைக்காரர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள், ஆசிரியைக்கு இவரைவிட மிக அதிகச் சம்பளம். சம வேலைக்குச் சம சம்பளம் கேட்ட ஆசிரியர் வழக்கிலும் பின்னாளில் அவர் பங்கெடுத்தார்.

1956இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. அரசு ஊழியர் யாரும் என்ஏஏசிபி என்ற கறுப்பினத்தவர் உரிமை அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினர் என்பதை மறைத்துப் பலர் பிழைத்துக்கொண்டார்கள். இவர் மறைக்கவில்லை. நாற்பது வருட சர்வீஸ். வேலை போனது. ஓய்வூதியமும் போனது. 58 வயதில் ஓய்வூதியம் இல்லாமல் நிற்பது என்றால் என்ன என்று இந்தப் பதிவைப் படிக்கும் என் வயது நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாநிலம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது 1976இல், இருபது வருடம் கழித்து.

வேலை போனவரை ஹைலேண்டர் பயிற்சி இயக்குநராகச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய வருடமே அவர் நடத்திய பயிற்சி ஒன்றில் மான்ட்கோமரியிலிருந்து வந்த தையல்காரப் பெண் ஒருவர் அதிகம் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். ரோசா பார்க்ஸ்.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தொழிலாளிகளை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து வைத்திருந்தார். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அப்போது அங்கே விதி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கதவு அடைப்பு. வண்டியில் போகும்போதே ஜென்கின்ஸ் அந்தப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். போதவில்லை. முதியோர் வகுப்பு வேண்டும் என்று ஹைலேண்டரிடம் கேட்டார். ஏற்கெனவே அங்கே நடந்த முதியோர் வகுப்புகள் தோற்றிருந்தன. காரணம் விசாரித்தபோது தெரிந்தது, பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மீன்பிடிக்கும், வயலில் உழைக்கும் ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு அவமானத்தோடு உட்கார வேண்டியிருந்தது.

அதனால் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஹைலேண்டர் கடனாகக் கொடுத்த பணத்தில் ஒரு கட்டடம் வாங்கி, முன்னால் கூட்டுறவு மளிகைக் கடை, பின்னால் வகுப்பு. வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராது. ஆசிரியர் யார்? பயிற்சி பெற்ற ஆசிரியர் கூடாது என்றார்கள், பழக்கதோஷத்தில் பிள்ளைகளை அதட்டுவது போல அதட்டிவிடுவார்கள் என்று. (ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் எனக்கு இது கொஞ்சம் குத்தியது.) கிளார்க்கின் உறவினர் பெர்னிஸ் ராபின்சனைக் கேட்டார்கள். அழகு நிலையம் நடத்துபவர். எனக்கு வராது என்று மறுத்தார், பிடிவாதமாகச் சம்மதிக்க வைத்தார்கள்.

1957 ஜனவரி 7. முதல் வகுப்பு, 14 பேர். ராபின்சன் குழந்தைகளுக்கான பாடப் பொருள்களை எடுத்துப் போயிருந்தார். பார்த்தவுடன் உதவாது என்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். என் பெயரை எழுத வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். தபாலில் சாமான் வரவழைக்கும் படிவம் நிரப்ப வேண்டும். அதுதான் பாடத்திட்டம் ஆனது. சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதைப் படிப்பீர்கள் என்றார். வாரம் இரண்டு இரவு, இரண்டு மாதம். பெரும்பாலானவர்கள் வாக்காளர் ஆனார்கள்.

அறிவொளிக் காலத்தில் தெருவிளக்கடியில் வகுப்பு எடுத்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பஸ் போர்டு படிக்கணும் என்றுதான் நம் பெண்களும் முதலில் கேட்டார்கள்.

வகுப்புகள் பக்கத்துத் தீவுகளுக்குப் பரவின. 1959இல் பள்ளியில் போலீஸ் சோதனை, கிளார்க் கைது. 1961இல் டென்னசி மாநிலம் ஹைலேண்டரின் உரிமத்தை ரத்து செய்து சொத்தைப் பறித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, உரிமம் இல்லாமல் பீர் விற்றது! ஹார்ட்டன் நாக்ஸ்வில் நகரில் வேறு பெயரில் மறுபடி தொடங்கினார். இன்றும் அது டென்னசியில் நடக்கிறது. குடியுரிமை வகுப்புகளை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு எடுத்துக்கொண்டது, கிளார்க்கும் அங்கே போனார். ஜார்ஜியாவில் ஒரு மையத்தில் ஊர் ஊராக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவரவர் ஊரில் வகுப்பு நடத்த அனுப்பினார்கள்.

இதுவும் மேலிருந்து கீழே வரும் பயிற்சிதானே, அது ஏன் தேயவில்லை என்று பல நாள் யோசித்தேன். கீழே கொண்டுபோனது பாடத்தை இல்லை, கேட்கும் பழக்கத்தை. என்ன கற்க வேண்டும் என்ற கேள்வி ஒவ்வொரு ஊரிலும் புதிதாகக் கேட்கப்பட்டது.

நம் நாட்டிலும் 1958இல் மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கல்வி அதிகாரிகளுக்குப் பயிற்சி, அவர்கள் தொழிலாளிகளில் சிலரைத் தொழிலாளி ஆசிரியராகப் பயிற்றுவிப்பது, அந்த ஆசிரியர்கள் ஆலையிலேயே சக தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுப்பது. தொழிலாளியே ஆசிரியர் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இத்தாலியின் டூரின் நகரில், 1961 கண்காட்சிக்குக் கட்டிய வளாகத்தில், 1960களின் நடுவில் தொடங்கிய பயிற்சி மையமும் முக்கியமானது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரையும் கொண்ட அமைப்பு அது. தொழிற்சங்கத்தினருக்கென்று தனிப்பிரிவே அங்கே இருக்கிறது. இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு நாட்டுத் தொழிலாளியோடு ஒரே மேசையில் உட்காரும்போதுதான், ஒரே பிராண்டுக்கு இருவரும் தைக்கிறோம் என்பதும், கூலி எப்படி வேறுபடுகிறது என்பதும் தெரியவரும். என் மாணவனும் அந்த ஃபைலைப் பற்றிச் சொன்னதைவிட, பக்கத்து அறையில் தங்கியிருந்த வங்கதேசத்துப் பையனைப் பற்றித்தான் அதிகம் சொன்னான். இருவரும் கைபேசியில் சம்பளச் சீட்டைக் காட்டிக் காட்டிப் பேசினார்களாம். அது பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு.

பத்தாம் நாள் அவன் வந்தான். நான் பாடத்திட்டம் போடவில்லை. "ஃபைலை எடுத்து மேலே வை. ஞாயித்துக்கிழமை பத்துப் பதினஞ்சு பேரைக் கூப்பிடு. மேடை, மாலை, பேனர் ஒண்ணும் வேண்டாம். பாய் விரிச்சு உக்காரலாம்" என்றேன்.

"என்ன நடத்தறதுங்க டீச்சர்?"

"அதை அவங்களைக் கேக்கத்தான் கூப்பிடறோம்."

அவனுக்குத் திருப்தி இல்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதில் 'தலைப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்றான். நியாயமான கவலைதான். வகுப்பு முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

பதினோரு பேர் வந்தார்கள். ஒன்பது பெண்கள். முதல் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை, எனக்கே உதறல்தான். பிறகு செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மா கைபேசியை என்னிடம் நீட்டினார். பிஎஃப் பணம் பற்றி வந்த குறுஞ்செய்தி, ஆங்கிலத்தில். "மாசாமாசம் வருதுங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு யாருமே சொன்னதில்லீங்க" என்றார். மற்றவர்களும் கைபேசியை எடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஆறு மாதமாக அப்படி ஒரு செய்தியே வரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இருவரும் ஒரே கம்பெனி. சம்பளத்தில் மட்டும் பிடித்தம் இருக்கிறது.

என் மாணவன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். வயதான பவர்டேபிள் டெய்லர் ஒருவர், 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் திருப்பூரே நின்றதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறோம். இந்த வாரம் அந்த இரண்டு பேரின் சம்பளச் சீட்டுகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.